பெஞ்சமின் சார் சொன்ன அர்த்தம்

இந்தத் தடவை உயிரே போனாலும் வாயைத் திறப்பதில்லை என்று பெஞ்சமின் சார் முடிவு கட்டியிருந்தார். கொல்லிமலை அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். சேலத்திலிருந்து அக்கா குடும்பம், கைக்குழந்தை உட்பட எட்டு உருப்படி, மறுநாள் மலையேறி வந்து லீவு முடியும்வரை அவர் வீட்டில் குளுகுளுவென்று இருக்கப்போகிறது. விஷயம் முன்கூட்டித் தெரிந்தால் மனைவி ஜாஸ்மின் நாமக்கல்லில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அப்புறம் அத்தனை பேருக்கும் உலை வைப்பது யார்?

அதனால் அக்காவோடு போனில் இங்கிலீஷிலேயே பேசினார். "ஐ வில் நாட் டைவல்ஜ் எனிதிங், ப்ராமிஸ்!" என்று கம்பீரமாக முடித்துத் திரும்பினால், மரவள்ளிக்கிழங்கும் கையுமாக ஜாஸ்மின் நிற்கிறாள்.

"ஏனுங்க, டைவல்ஜுன்னா என்னங்க? கிணத்துல டைவ் அடிக்கறதுங்களா?"

நழுவியிருக்கலாம். ஆனால் யாராவது ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுவிட்டால், சொல்லி முடிக்கும்வரை சாருக்குச் சோறு இறங்காது.

"அட ஆண்டவரே! ரகசியத்த வெளிய உடறது, கண்ணு. லத்தீன்ல 'வல்கஸ்'னா ஊர்ச்சனம், கும்பல். அந்தக் கும்பல் நடுவுல ஒரு சங்கதியப் பரப்பி உடறதுதான் டைவல்ஜ்."

"சந்தையில நின்னு கத்தற மாதிரிங்களா?"

"கரெக்ட்!"

"அப்ப, பொண்டாட்டி காதுல மட்டும் சொன்னா?"

"அது வந்து..."

"நான் ஒருத்தி கும்பல் ஆவேனுங்களா?"

சார் மோவாயைத் தடவினார். வகுப்பில் ஒரு பிள்ளைகூட இப்படி மடக்கியதில்லை.

"ஆகமாட்டே. வேர்ச்சொல்லப் பாத்தா, அது டைவல்ஜுல சேராது."

"அப்பறம் என்னங்க, சொல்லுங்க. உங்க ப்ராமிஸும் கெடாது."

இலக்கணம் இடம் கொடுத்துவிட்டது. சார் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜாஸ்மினோ, "வரட்டுங்க, பாவம். நம்ம ஊடு இருக்கறப்ப எங்க போவாங்க?" என்று சிரித்தாள். இப்படிப்பட்ட தங்கத்திடமா மறைக்கப் பார்த்தோம் என்று சாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

காலையில், "வர்றவங்களுக்குப் பழம் வாங்கிட்டு வாரேனுங்க" என்று அவள் சோளக்காடு சந்தைக்குக் கிளம்பினாள். பை கொஞ்சம் பெரியதுதான். எட்டுப் பேருக்குப் பழம் என்றால் சும்மாவா என்று சாரே பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

பழம் வருமுன் வேன் வந்தது. அக்கா இறங்கி அவர் கன்னத்தைக் கிள்ளினாள்.

"மலையடிவாரத்துல, காரவள்ளியில டீ குடிக்க நிறுத்தினோம்டா தம்பி. ஜாஸ்மின் நாமக்கல் பஸ்ஸுல இருந்து எட்டிப் பாத்துப் பேசினா. 'அக்காவுக்கு நானே ஆக்கிப் போடணும்'னு அடம் புடிச்சு அவள ஊருக்கு அனுப்பிட்டியாமே! சரி, காலை டிபன் என்ன?"