சிவப்பு இதயமும் திரையில்லாத சன்னலும்

2016 மார்ச் 8, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால், மேகமற்ற வெயில். ஒருவர் மனமும் புண்படாமல் முடிவெடுக்கும் மகத்தான கலை, நெதர்லாந்தின் சீலாந்து மாநிலத்தில், ஒரு சிற்றூர் நூலகத்தில் தன் உச்சத்தை நோக்கிப் புறப்பட்ட நேரம் அது.

தெருவைப் பார்த்த சன்னலருகே, தரையோடு பொருத்திய கண்ணாடிப் பெட்டியில், அவ்வூரின் பெருமை விரித்து வைக்கப்பட்டிருந்தது: முந்நூறாண்டுப் பழமையுள்ள பக்திப் பாடல் நூல். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அதன் படங்களுக்கு யாரோ கையால் வண்ணம் தீட்டியிருந்தார்கள். திறந்திருந்த பக்கத்தில் ஒரு தேவதூதன் உள்ளங்கையில் சிவந்த இதயத்தை ஏந்தி நின்றான். அந்தச் சிவப்பின்மேல் வெயில் விழுவதைக் காப்பாளர் நெல்லக்கே கண்டாள். உடனே நூலகத்தை நடத்தும் குழுவின் முன் போய் நின்றாள்.

"ஒரு திரை போதுங்க. இல்லேன்னா இதயம் வெளுத்துடும்."

தலைவர் குளோஸ்டர்பூர் காப்பியை ஆற அமரக் கலக்கினார். "பட்டப்பகல்ல திரையா? நம்ம ஊர்ல யார் வீட்டு சன்னலாவது பகல்ல மூடியிருக்கா, சொல்லும்மா. தெருவுல போறவங்க என்ன நினைப்பாங்க?"

"உள்ளே புத்தகம்தானே இருக்கு."

"அப்புறம் எதுக்கு மறைக்கணும்?" என்றார் திருச்சபை மூப்பர் போப்பே.

நெல்லக்கே இறங்கி வந்தாள். "சரி, பெட்டிச் சாவியைக் குடுங்க. அடுத்த பக்கத்தைத் திருப்பிடறேன்."

"அடுத்த பக்கத்துல ஆன்மா துணியில்லாம நிக்குது. ஆராதனை முடிஞ்சு குடும்பம் குடும்பமா இந்த வழியாத்தான் போறாங்க," என்றார் தலைவர்.

"ஆன்மா எப்போங்க உடுத்தியிருந்துச்சு?"

"எங்க சபையில எப்பவுமே," என்றார் போப்பே.

அதற்கடுத்த படத்தில் நரகத்தில் எரிபவர்களுள் ஒருவனுக்கு மேயரின் மூக்கு இருப்பதைக் குழு கண்டறிந்தது. அதற்கும் அடுத்ததில் ஓர் எலும்புக்கூடு ஆடியது. எதிரிலோ முதியோர் இல்லம். குழு எதையும் அவசரப்பட்டு மறுக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஆளுக்கொரு காப்பி, ஆளுக்கொரு பிஸ்கட். இரண்டாவது பிஸ்கட் முன்மொழியப்படவே இல்லை. வாக்கெடுப்பு என்னும் முரட்டு வழக்கத்தையும் அவர்கள் அறியார். எல்லோரும் இசையும்வரை பேசுவார்கள். வசந்தம் பேச்சில் கழிந்தது. கோடையும் கழிந்தது.

காலைதோறும் நெல்லக்கே பெட்டியருகே நின்றாள். சிவப்பு, ரோசா நிறமாயிற்று; ரோசா, பாலில் ஊறிய ரொட்டியின் நிறமாயிற்று. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தன் மேலங்கியைக் கழற்றிப் பெட்டியின்மேல் போட்டாள். 'நூலகம் எதை மறைக்கிறது?' என்று அன்றே ஊர் விசாரித்தது. மேலங்கி உரிய மரியாதையுடன் அவளிடம் திருப்பித் தரப்பட்டது.

செப்டம்பரில் குளோஸ்டர்பூர் தாமே வந்து, அனைவரும் கையெழுத்திட்ட முடிவை அவளிடம் நீட்டினார். "முழு ஒற்றுமைம்மா. ஒருத்தர்கூட எதிர்க்கல."

நெல்லக்கே படித்தாள்: 'தற்போது திறந்துள்ள பக்கமே நிரந்தரமாகத் திறந்திருக்கும். அதிலிருந்த இதயம் சற்று மிகையான உணர்ச்சியுடன் தோன்றுவதாக உறுப்பினர் சிலர் தொடக்கத்தில் கருதினர். இப்போது அப்பக்கத்தில் எவரும் ஆட்சேபிக்கத்தக்க எதுவும் மிஞ்சவில்லை என்பதைக் குழு மனநிறைவுடன் பதிவு செய்கிறது.'