ஒரு சொட்டு ரத்தம் அனுப்பிய விவரம்

தச்சநல்லூர்,
14-8-1998

சிரஞ்சீவி ஸ்ரீராகவுக்கு, உன் அம்மாவின் தம்பியும் உன் தங்கை பார்கவியின் அகமுடையானுமாகிய பட்டாபி அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் உன் கடிதம் கண்ணில் பட்டுவிட்டது.

"உங்கள் பெண் சுப்ரியா போட்டோ பார்த்தேன், வயசுக்கு மீறிக் குண்டாக இருக்கிறாள், மரபணுவில் ஏதாவது மாற்றம் இருக்கலாம், வெள்ளைக்காரக் குழந்தைகளிடம் பார்த்துவிட்டோம், நம்மூர்க் குழந்தைகளிடமும் அது அப்படியேதான் வேலை செய்கிறதா என்று தெரியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் அனுப்புங்கள்" என்று நீ பாட்டுக்கு அமெரிக்காவில் உன் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து எழுதிவிட்டாய். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நானல்லவா? இது பரம்பரையாக வருமாம் என்று பார்கவியிடம் சொன்னதுதான் தாமதம், "உங்காத்து ரத்தம்தான், உங்கப்பா பந்தியிலேர்ந்து லேசிலே எழுந்துண்டிருக்காரா?" என்றாள். நானும் விடவில்லை, "உங்கம்மா உட்கார்ந்து கட்டில் முறிஞ்சுதே, அது எந்தாத்து ரத்தம்?" என்றேன். அப்புறம்தான் உறைத்தது, அவள் அம்மா என் அக்கா, என் அப்பா அவளுக்குத் தாத்தா. அக்கா பெண்ணைக் கட்டிக்கொண்டவனுக்குப் பழி போட மாமியார் வீடுகூடக் கிடையாதப்பா. உள்ளேயிருந்து கேட்டுண்டிருந்த கோமு அக்கா, "என் கட்டிலையாடா சொன்னே?" என்று அழுதுண்டே வந்து, அழுத கையோடு குழந்தைக்கு வெல்லப்பாகில் பிடித்த ஒரு மனோகர உருண்டையைக் கொடுத்தாள். கேட்டால், "கொழந்தை பயந்துபோயிருக்காடா" என்கிறாள். பயந்துபோனது நான். எனக்கு யாரும் உருண்டை கொடுக்கவில்லை.

எடை கேட்டிருந்தாயே என்று அரிசி மண்டி இன்பமணி அண்ணாச்சியிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றிவிட்டு, "நாப்பத்தொரு கிலோல்லா இருக்கு! எட்டு வயசுப் பிள்ளைக்கா? நல்லாத்தான் வளக்கீரு வே!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டார். வீடு திரும்பியதும் பார்கவி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். துளி நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் திருஷ்டிதான், மரபணுவும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எனக்கும் அப்படியே நம்பிவிட ஆசைதான்.

ஆனால் நாங்கள் போட்ட கூச்சலையெல்லாம் குழந்தை கேட்டுண்டிருந்திருக்கா. பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சு வாங்க வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல், "அப்பா, என் ரத்தம் கெட்ட ரத்தமா?" என்று கேட்டாள். அதெல்லாம் இல்லேடி கண்ணே என்றேன். பையை நானே கழற்றி வைத்தேன். பயமாயிருக்குடா ராகவா, வெளியே சொல்ல முடியாத பயம்.

எப்படியோ மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கம்பவுண்டர் கிருபைராஜைக் கூப்பிட்டு, ரத்தம் ஒற்றுவதற்கென்று நீ அனுப்பிய காகிதத்திலேயே ஒரு சொட்டு ஒற்றி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். சுப்ரியா சமர்த்தாக விரலை நீட்டினாள். நீ உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, ரொம்பவும் சாப்பிடாதே. நெல்லையப்பர் உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
பட்டாபி

பின்குறிப்பு: அவள் விரலை நீட்டியது வாஸ்தவம். கிருபைராஜ் ஊசியை எடுத்ததும் என் கை தானாகக் குறுக்கே போய்விட்டது. "சார், பிள்ளைக்கில்லா எடுக்கச் சொன்னிய?" என்றார். "குத்துமய்யா" என்றேன். காகிதத்தில் இருப்பது என் ரத்தம். பார்கவிக்குத் தெரியாது. நல்லபடியாக வந்தால் சுப்ரியா பேரில் எழுது. வேறு மாதிரி வந்தால், என் பேரிலேயே எழுதிவிடு.