அங்கீகாரம் பெற்ற வெள்ளைச் சட்டை

எங்கள் ஊரில் காற்றில் கலந்த தூசியை அளக்க அரசாங்கம் ஒரு கருவி வைத்திருக்கிறது. வடக்கே ஈய ஆலை. தெற்கே, புல்தரையில் பந்து உருட்டும் எங்கள் கிளப். கருவி எங்கள் கூரைமேல்.

கருவி காட்டும் எண் ஒரு வருஷத்துக்குள் பாதியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. புகைபோக்கிக்கு வடிகட்டும் பை மாட்டினால் தூசி நிற்கும் என்பது ஆலையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அது பரிசீலனையில் இருந்தது. அதுவரைக்கும் கருவியைச் சுற்றி நாலு தண்ணீர்த் தெளிப்பான் வைத்தார்கள். வடகாற்று நாட்களில் கருவிக்கு ஓய்வு. காற்று இயற்கையின் செயல், அதற்கு ஆலை பொறுப்பாகாதாம். எண் பாதியானது.

கிளப் தலைவி மெர்லீனுக்குத்தான் நிம்மதி இல்லை. பதினாறு வருஷம் கழித்து எங்கள் அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுவந்திருக்கிறாள். ஆட்டம் அடுத்த மாதம். மாசில்லாத வெள்ளை உடுத்தாதவர் ஆட முடியாது என்பது எங்கள் பந்தய விதி. சட்டையைத் தூக்கிக்கொண்டு அரசாங்கத் தூசி அதிகாரி கிளைவிடம் போனாள், துணைக்கு நானும்.

"காலையில துவைச்சுக் கொடியில போட்டேன், கிளைவ். இப்பப் பாரு, எலி நிறம்."

கிளைவ் பதிவேட்டைப் புரட்டினார். "இன்னிக்குக் காத்து சுத்தம்னு இருக்கே."

"சட்டை அப்படிச் சொல்லலையே."

"சட்டை அங்கீகாரம் பெற்ற கருவி இல்லீங்க."

"அப்ப அதுக்கும் அங்கீகாரம் குடுத்துத் தொலையேன்."

அவள் வயிற்றெரிச்சலில் சொன்னாள். அவர் அதை மனுவாக எழுதிக்கொண்டார்.

பத்தே நாளில் புதுச் சட்டை ஒன்று, காலரில் அரசு முத்திரையோடு வந்தது. கருவிகளை வெயில், மழை, தூசியிலிருந்து காக்க வேண்டும் என்பது விதி. எனவே அலுவலகத்துக்குள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

"பெட்டிக்குள்ள வச்சா எப்படிப்பா அழுக்காகும்?" என்றாள் மெர்லீன்.

"ஆகலைங்க. அதைத்தான் அறிக்கையில எழுதியிருக்கேன்."

அந்த அறிக்கையால் ஆலைக்குத் தூய காற்று விருது கிடைத்தது. மகிழ்ச்சியில் மேலாளர் லிண்டன் இரண்டு அணிகளுக்கும் சாம்பல் நிறச் சட்டை இனாமாகக் கொண்டுவந்தார். எதிரணி ஊரிலும் ஒரு ஆலை உண்டு. அவர்கள் உடனே வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் சாம்பல் நிறம் மட்டுமே என்று விதியைத் திருத்த எங்கள் கிளப் கூடியது.

"பை மாட்டுறது என்னாச்சு லிண்டன்?" என்றாள் மெர்லீன்.

"இனி அவசரமில்லையே, மெர்லீன். சாம்பல் சட்டையில தூசி யாருக்கும் தெரியாதே."

"நான் கை தூக்கலன்னா?"

"பழைய விதி. வெள்ளை இல்லாம ஆட முடியாது."

மெர்லீன் கையைத் தூக்கினாள். என் கை அதற்கு முன்பே மேலே இருந்தது. அந்த நிறம் எனக்கு எடுப்பாகவே இருக்கும்.

ஆட்டத்தன்று நல்ல வடகாற்று. வெள்ளையில் வந்த ஒரே ஆள், வெளியூர் நடுவர். மெர்லீன் அவரை வாசலிலேயே மறித்தாள்.

"விதி மாறிப்போச்சு சார். கொஞ்ச நேரம் இப்படி வெளிய நில்லுங்க, தானாச் சரியாயிடும்."