மூக்கையாவின் பொந்துக்கு மேட்டா, கிளாஸா?

ஒரு காட்டில், வழக்கமாகக் கதைக்கு வருகிற சிங்கம் ஏதோ ஃபாரம் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து, ஓர் இருவாச்சிக் குடும்பத்தில் இது நடந்தது. புருஷன் பேர் மூக்கையா. பெண்டாட்டி பேர் பேச்சி. நெட்டை மரம் ஒன்றின் நடுத்தண்டில் இருந்த பொந்துதான் அவர்கள் வீடு.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம் இருக்கும். மூன்று மாதம் அவள் உள்ளேயே அடைகாப்பாள். அவன் அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டுவான். அடைக்காமல் விட்டால் உடும்பு வந்து முட்டையை முழுங்கிவிட்டு ஏப்பம் விட்டுப் போகும். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. மூக்கையாவுக்குத்தான் வந்தது, உள்சுவருக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்று.

போன வருஷம் வெளியே வந்த பேச்சி, "உள்ளே சுவரு ஒரே சொரசொரப்புங்க" என்று போகிற போக்கில் சொல்லித் தொலைத்திருந்தாள். அதை அவன் மனசில் போட்டுக் குடைந்துகொண்டே இருந்தான். இந்த வருஷம் அவளுக்கு வயிறு கனத்ததும், "வா, பெயிண்ட் கடைக்குப் போவோம்" என்று கிளம்பிவிட்டான். பத்து நாளில் முட்டையிட வேண்டியவள், வேறு வழியில்லாமல் பின்னாலேயே பறந்தாள்.

கடைக்காரர் வர்ணலிங்கம் ஒரு பச்சோந்தி. பெயிண்ட் வியாபாரத்துக்கு வேறு யார் வருவார்கள்?

"மேட்டுன்னா பளபளப்பு இருக்காது அண்ணாச்சி. சுவத்துல உள்ள மேடு பள்ளத்தை மறைச்சிரும். ஆனா குஞ்சுக அசிங்கம் பண்ணிட்டா துடைக்க முடியாது. கிளாஸ் அடிச்சா பளபளன்னு இருக்கும், துடைச்சிரலாம். ஆனா சின்னப் புடைப்பு இருந்தாலும் காட்டிக்குடுத்துரும். சாட்டின் ரெண்டுக்கும் நடுவுல."

"அப்போ சாட்டின் அடிச்சிருவோமா?"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

"இல்ல, கிளாஸே அடிச்சிட்டா?"

"கிளாஸை அடிச்சுக்க ஆளே கிடையாது அண்ணாச்சி." சொல்லும்போதே அவர் பச்சையிலிருந்து பழுப்புக்குப் போய்விட்டார். "ஆனா சீலிங்குக்கு மட்டும் மேட்டுதான். அந்தப் பேச்சுல நான் மாறவே மாட்டேன்." பழுப்பு அதற்குள் மஞ்சளாகியிருந்தது.

பேச்சி மெல்ல வாயைத் திறந்தாள். "ஏங்க, வாசலை அடைச்சப்புறம் உள்ளே கும்மிருட்டு. இருட்டுல மேட்டு என்ன, கிளாஸ் என்ன?"

வர்ணலிங்கம் ஷேடு கார்டை எடுத்து விசிறிக்கொண்டார்.

"உனக்கு இதெல்லாம் புரியாது பேச்சி" என்றான் மூக்கையா. "கீத்து வழியா வெளிச்சம் வரும்ல? அது சுவத்துல விழும்ல? விழுற இடத்துல என்ன ஃபினிஷ்ங்கிறதுதான் விஷயமே."

அதோடு விட்டானா? மூன்று டப்பா சாம்பிள் வாங்கிவந்து பொந்துக்குள் மூன்று பட்டையாக அடித்தான். காட்டில் போகிற வருகிற எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். மலையணில் மேட் என்றது. குரங்கு கிளாஸ் என்றது, முகம் தெரிகிறதாம். ஆந்தை பகலில் வந்து கண்ணைத் திறக்காமலே, "அருமை" என்று சொல்லிவிட்டுப் போனது. சொரசொரப்பை அடைக்கப் பட்டி பார்க்கவில்லையே என்று ஒருத்தன் கேட்டுவிட, மூக்கையா எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை சீலிங்குக்கு மட்டும் மேட் அடித்து முடித்தான். பேச்சி கிளையில் உட்கார்ந்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

பதினோராம் நாள் முட்டை பொறுக்கவில்லை. மூக்கையா கடைக்குப் போயிருந்த நேரத்தில், பெயிண்ட் வாடைக்கு நடுவிலேயே இரண்டு முட்டை இட்டுவிட்டாள். வாசலோ ஆவென்று திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தாள். கீழே அடிமரத்தில் உடும்பு நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. இவனை நம்பினால் இந்த வருஷம் குஞ்சு கிடையாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துபோனது.

அந்த நேரம் பார்த்து மூக்கையா உற்சாகமாக வந்து இறங்கினான். "பேச்சி, தப்பு எங்கேன்னு பிடிச்சிட்டேன். வாசலைத் திறந்துவச்சுப் பார்த்தா ஃபினிஷ் எப்படித் தெரியும்? நான் உள்ளே உக்காந்துக்கிறேன். நீ வெளியே இருந்து கொஞ்சம் அடை. வெளிச்சத்தை டெஸ்ட் பண்ணணும்."

பேச்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "முட்டை இருக்கு. பார்த்து உக்காருங்க" என்றாள்.

அவன் உள்ளே போய் முட்டைமேல் பதமாக உட்கார்ந்தான். அவள் மண்ணைக் குழைத்துப் பூச ஆரம்பித்தாள்.

"போதுமாங்க?"

"இன்னும் வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கு. அடை."

"இப்போ?"

"இன்னும் ஒரு பூச்சு."

கடைசியில் அலகு நுழைகிற கீற்றுதான் மிச்சம். கீழே உடும்பு இரண்டு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு வேறு மரத்துக்குப் போய்விட்டது. பேச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சரி பேச்சி, பார்த்துட்டேன். திற."

"ஈரமா இருக்குங்க. காயட்டும்."

சாயங்காலம் கேட்டான். காய்ந்துகொண்டிருக்கிறது என்றாள். மறுநாள் கேட்டான். நன்றாகக் காய்ந்துவிட்டது, இனி உடைத்தால் மரப்பட்டையே பெயர்ந்துவிடும் என்றாள். சொல்லிவிட்டு அத்திமரத்துக்குப் பறந்தாள். முதல் பழம் தன் வாய்க்கு, இரண்டாவது பழம் அவனுக்கு. அவன்மேல் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. மூன்றாவது பழத்தில் அது சரியாகிவிட்டது.

மூன்று மாதம் போனது. வாசலை உடைத்தபோது இரண்டு குஞ்சுகள் கொழுகொழுவென்று எட்டிப் பார்த்தன. அவற்றுக்குப் பின்னால் அவற்றைவிடக் கொழுத்துப்போய் மூக்கையா வந்தான். பேச்சி திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

"பேச்சி, சீலிங்குக்கு மேட் அடிச்சது பெரிய தப்பு" என்றான் அவன். "அடுத்த வருஷம் சாட்டின்தான். நீ அலைய வேண்டாம். நானே உள்ளே உக்காந்து முழுசாப் பார்த்துச் சொல்றேன்."

"உங்க இஷ்டங்க" என்றாள் பேச்சி.

மறுவாரம் வர்ணலிங்கம் கடையில் காட்டிலுள்ள இருவாச்சிப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். சுவருக்கு எது நல்லது என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. எல்லோருக்கும் எல்லா ஃபினிஷிலும் ஒவ்வொரு சாம்பிள் வேண்டுமாம், வீட்டுக்காரரிடம் கொடுக்க.

நீதி: முடிவெடுக்கத் தெரியாத கணவரிடம் முடிவு கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். உள்ளே உட்காரவைத்து வாசலைப் பூசிவிடுங்கள். சீலிங் எப்படி இருந்தாலும் முட்டை பொரிந்துவிடும்.