பவளத்துக்குப் பல் சிமெண்ட்

உடைந்த பொருள் எதையும் உடைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் அந்தக் காலத்து ராயபுரத்தில் கோந்து நைனாதான். காது போன டீக் கோப்பை, வார் அறுந்த செருப்பு, மூக்கு உடைந்த கூஜா எல்லாம் அவர் வீட்டுக்குள் போய் ஏதோ ஒரு பசையோடு திரும்பி வரும். என் குடையையும் ஒட்டித் தந்தார். அதன் பிறகு அது மடங்கவேயில்லை. விரித்த குடையோடு பஸ் ஏறி ஊராரிடம் திட்டு வாங்கினேன். அவரைக் கேட்டால், "மழைக்குத்தானே மாமு கொடை? மடக்கி வெச்சிகினு இன்னா பண்ணப்போறே?" என்றார்.

துறைமுகக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது அவர் வேலை. காலையில் ஒரு வாளி மைதா பசையோடு தொடங்குவார். மாலையில் சட்டை அப்பளம் மாதிரி மொடமொடக்க வீடு வந்து சேருவார். அவருடைய நிஜப் பெயரை ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரைத் தவிர யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சாமியார் சொன்னதையும் நான் கேட்கவில்லை. அந்த ஒண்டுக்குடித்தன வீட்டில் அவருக்கு அடுத்த அறை என்னுடையது. நான் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா, பிரம்மச்சாரி, ஞாயிற்றுக்கிழமையாவது தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன். அந்த ஆசையை நைனா ஒரு நாளும் மதித்ததில்லை.

அவர் மனைவியைப் பாம்பன் அக்கா என்போம். அவர் இங்கே வாழ வந்த பிறகு, பிறந்த குப்பத்தைப் புயல் ஒரே இரவில் கொண்டுபோய்விட்டது. தப்பித்த அண்ணன் வேறு இடத்தில் குடிசை போட்டிருந்தார். அன்றிலிருந்து அக்கா பேச்சைக் குறைத்தார், சிரிப்பை அடியோடு நிறுத்தினார். சாயங்காலமானால் கடலோரம் போய்க் கல்லின் மேல் உட்கார்ந்திருப்பார். "இதெல்லாம் ஒரு கடலா தம்பி? மண்ணும் கப்பல் எண்ணெயும்தான் கெடக்கு. எங்க கடலுல குனிஞ்சு பார்த்தா பவளம் பூத்துக் கெடக்கும்" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். ஈஸ்டர் முடிந்ததும் அண்ணன் வந்து அவரை அழைத்துப்போவதாக ஏற்பாடு. திரும்பி எப்போது வருவாய் என்று நைனா கேட்டதற்கு அக்கா துணி மடிக்கப் போய்விட்டார்.

"போனா வரமாட்டா மாமு" என்றார் நைனா என்னிடம். அவர் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதில்லை. பிறகு சட்டென்று நிமிர்ந்து, "அவ கடல இங்க கொண்டாந்துட்டா?" என்றார். எனக்கு அப்போதே முதுகு வலிக்க ஆரம்பித்தது.

இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து ஒரு தொட்டி செய்தார். ஜன்னலோரம் வெயில் படுகிற இடத்தில் வைத்தார். தூத்துக்குடியிலிருந்து சரக்குத் தோணியில் வரும் சிநேகிதர் ஒருவர் பீப்பாய்த் தண்ணீரில் உயிரோடு பவளங்களையும், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். லாரி டியூபில் காற்றடைத்து, மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரில் குமிழி விட்டார். காற்றடிக்கும் உத்தியோகம் எனக்கு.

தண்ணீர் அதைவிடக் கொடுமை. ராயபுரத்துக் கடலில் எண்ணெய் மிதக்கிறது என்பதால், வாரா வாரம் எண்ணூர் முகத்துவாரக்குப்பம் வரை போய்ப் பெரிய ஊறுகாய் ஜாடிகளில் மொண்டு வருவோம். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஜாடியைத் தட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, மாங்காயா?"

"இல்ல சார், கடலு" என்றார் நைனா.

பரிசோதகர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இவ்வளவு பாடுபட்டும் பவளம் நிற்கவில்லை. குமிழி தள்ளத் தள்ள மணலில் புரண்டது. அந்தப் பக்கமாகப் போன அக்கா, "மண்ணுல பொரண்டா செத்துரும். கல்லுல ஆடாம நிக்கணும்" என்று போகிற போக்கில் சொன்னார். நைனாவுக்கு அது போதும். பசை என்று வந்துவிட்டால் அவரை யார் பிடிப்பது?

முதலில் சொந்தச் சரக்கு. கிடங்கு மைதா பசை தண்ணீரில் இறங்கியதும் தொட்டி முழுவதும் கஞ்சியானது. போகட்டும் என்றால், பூச்சி அரிக்காமல் இருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் என்ற விஷத்தைக் கலப்பார்கள். அது நினைவுக்கு வந்ததும் நைனா அலறிக்கொண்டு நண்டையும் பவளத்தையும் வாளிக்கு மாற்றினார். நாங்கள் மறுபடி எண்ணூருக்குப் போனோம்.

அடுத்து தச்சர்களின் வஜ்ரம். மாட்டுத் தோலைக் காய்ச்சிய அந்தப் பசையை அவர் அடுப்பில் உருக்கிய நாற்றத்தில் வீட்டுக்காரம்மாள் பிள்ளைகளோடு மாதா கோயிலுக்கே போய்விட்டார். தண்ணீரில் அது மறுநாளே கொழகொழத்தது. மறுபடி எண்ணூர். அதற்கடுத்து படகுக்குப் பூசும் குங்கிலியமும் எண்ணெயும்.

"காஞ்ச கட்டைலதான் நிக்கும் நைனா. உன் பவளத்த காய வெச்சிக் குடு, ஒட்டித் தரேன்" என்றார் காசிமேட்டுப் படகுக்காரர்.

"காய வெச்சா செத்துப்பூடுமே!"

"அப்ப என்னிய ஏன் பேஜாரு பண்றே?"

"கம்பியால் கட்டிவிடுங்களேன் நைனா" என்று நான் கெஞ்சினேன். என் இடுப்பு கெஞ்சியது என்பதுதான் சரி.

"துரு புடிக்கும் மாமு. நூலுன்னா நண்டு கடிச்சிடும். நாம ஒட்றது கொஞ்ச நாளிக்கித்தான். அப்பறம் அதுவே வளந்து கல்ல புடிச்சிக்கும்னு தோணிக்காரன் சொன்னான். அது வரிக்கும் ஆடாம வெச்சிக்கினா போதும்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே அடுப்படியில் இருந்த அக்காவைப் பார்த்தார். நான் டியூபுக்குக் காற்றடிக்கப் போனேன்.

உலகத்துக்கு என்னால் ஆன ஒரே உபகாரம் அதற்கடுத்த எண்ணூர்ப் பயணத்தில் நடந்தது. ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, அலுப்பு தாங்காமல் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டேன். எதிரில் இருந்த நைனா பாய்ந்து என் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாதே! கடவாப் பல்லுல வெள்ளையா இன்னா கீது?"

"ல் ஹொத்தை... அஹைச்சது" என்றேன்.

"டீ, காப்பி, மீன் கொழம்பு அல்லாம் போவுதே, கயண்டுக்கலியா? எப்பவும் தண்ணில ஊறிகினுதானே கீது?"

பெட்டி முழுவதும் என் வாயை எட்டிப் பார்த்தது.

எனக்குப் பல் அடைத்தவர் எங்கள் தெருமுனைச் சீனப் பல் வைத்தியர். தாத்தா காலத்தில் மதராஸுக்கு வந்த குடும்பம். சென்னைத் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவார். நைனா போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் பல்வரிசையைப் பார்த்துவிட்டு, "அல்லாம் நல்லா கீதே, இன்னாத்துக்கு வந்தே?" என்றார். விஷயத்தைக் கேட்டதும் சிரிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

பொடியையும் மருந்தையும் கண்ணாடித் துண்டில் குழைத்தார். நைனா பவளத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்து நீட்ட, அடிப்பக்கத்தைப் பஞ்சால் ஒற்றினார். சிமெண்டை வைத்துக் கல்லின் மேல் அழுத்திப் பிடித்தார். கெட்டியானதும் தொட்டிக்குள் இறக்கச் சொன்னார். பிறகு, எத்தனையோ வருஷத்துப் பழக்கம், பவளத்தைப் பார்த்து, "ஒரு மணி நேரம் ஒண்ணும் துன்னாதே. இன்னிக்கி அந்தப் பக்கமாவே மெல்லு" என்றார்.

கதவருகே நின்றிருந்த பாம்பன் அக்கா சிரித்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். நைனா கை நனைந்தபடி வாய் பிளந்து நின்றார்.

ஆனாலும் வாரங்கள் ஓடி ஈஸ்டர் முடிந்தது, அண்ணனும் வந்தார். அக்கா துணி மூட்டை கட்டியாகிவிட்டது. நைனா சட்டையில் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றார். புறப்படும்போது அக்கா தொட்டிப் பக்கம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை.

"அண்ணே, இங்க வந்து பாரு."

வெள்ளைச் சிமெண்டின் மேல் பவளத்தின் விளிம்பு மெல்லப் படர்ந்து, ஓரிடத்தில் கல்லையே தொட்டிருந்தது. அண்ணன் குனிந்து பார்த்தார். "இனி இது விழாது தாயி" என்றார்.

அக்கா மூட்டையைக் கட்டிலின் மேல் வைத்தார். "நீ நாலு நாள் இருந்து சாப்புட்டுப் போண்ணே. நான் வரல. இன்னைக்கு இதுக்குத் தண்ணி மாத்துற நாளு."

எதற்கும் பதில் வைத்திருக்கும் நைனா பசை சுரண்டுவதை நிறுத்தினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றுதான், யாரும் கூப்பிடாமல், நானே போய் இரண்டு ஊறுகாய் ஜாடிகளையும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"வாங்க நைனா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன்.