இடையூறின்றித் தொடர்ந்து முப்பது நிமிடம்

"மத்தியானம் வந்து கதவைத் தட்டினது கல்வி அதிகாரியாம்."

கணக்கு டீச்சர் இதைச் சொன்னபோது அவருடைய கணவர் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கையிலிருந்த குழாய் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. ஆனால் உடையவில்லை. அந்த வாரத்தில் உடையாமல் தப்பித்தது அது ஒன்றுதான்.

"நீ என்ன சொன்னே?"

"நீங்க சொல்லச் சொன்னதைத்தான். கதவைத் திறக்காமலே."

இருவருக்கும் ஒரே அரசுப் பள்ளியில் வேலை. மனைவி கணக்கு, கணவர் அறிவியல். இந்த மாதம் முதல் அவர் பள்ளியின் ஆசிரியர் சங்கப் பிரதிநிதியும்கூட. சங்கத்திலிருந்து உரிமைகள், கடமைகள் பற்றிய செய்தி வந்தால் மற்றவர்கள் கைபேசியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவர் அதை ஓடுகிற கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றியதுபோல உட்கார்ந்து பார்ப்பார். எந்தப் பல்சக்கரம் எதைத் திருப்புகிறது என்று கண்டுபிடிக்கும்வரை சாப்பாடு இறங்காது. அதனால் சக ஆசிரியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'உட்பிரிவு'.

முந்தின இரவு அவர் மனைவிக்கு விளக்கிய வரி இது: ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் மதிய உணவுக்கு, இடையூறின்றி, தொடர்ந்து, முப்பது நிமிடம்.

"முப்பது நிமிடம்கிறது வெறும் நேரம். 'இடையூறின்றி'ன்னதும் யாரும் உள்ள வர முடியாது. ஆனா பாரு, அதோட நிறுத்தியிருந்தா பத்துப் பத்து நிமிஷமா மூணு துண்டா குடுத்துட்டு கணக்கு சரியாப் போச்சுன்னுடுவாங்க. 'தொடர்ந்து'ன்னு ஒரே ஒரு சொல்லைப் போட்டு அந்த ஓட்டையை அடைச்சிருக்கான். எழுதினவன் எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கணும்."

"பசியில இருந்த ஆளா இருக்கும்" என்றார் மனைவி.

இருந்தாலும் அந்த வரி அவருக்கும் பிடித்திருந்தது. மறுநாள் மதியம் ஆசிரியர் அறைக் கதவைச் சாத்தித் தாழிட்டார். கதவு தட்டப்பட்டதும் உள்ளிருந்தே அந்த வரியைக் கணீரென்று ஒப்பித்தார். வெளியே காலடி ஓசை மெல்ல விலகிப் போனது.

இப்போது தலைமை ஆசிரியை பள்ளி விட்டதும் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். அந்த மாதம் துணைத் தலைமை ஆசிரியை பதவிக்கான பெயர்ப் பட்டியலில் கணக்கு டீச்சரின் பெயர் இருந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர், கதவுக்கு வெளியே நின்ற அதே அதிகாரி.

"போய் ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேங்க."

"கூடவே கூடாது. தனியாப் போகவும் கூடாது. பிரதிநிதியைக் கூட்டிட்டுப் போறது உன் உரிமை."

தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இருவரையும் பார்த்தார். "நீங்க எதுக்கு சார்?"

"பிரதிநிதியா வந்திருக்கேன் மேடம்."

"வீட்டுக்காரரு சார் நீங்க."

"இப்ப அப்படி வரல."

"எப்படி வந்தாலும் வீட்டுக்காரருதானே. நெருங்கின சொந்தம் பிரதிநிதியா வரக்கூடாதுன்னு உங்க சங்கம் அனுப்பினதுலயே இருக்கே."

இருந்தது. அவரே பாராட்டிய உட்பிரிவு அது. எனவே துணைப் பிரதிநிதியான விளையாட்டு ஆசிரியரை அழைத்துவந்தார். கழுத்தில் விசிலோடு வந்தவர், "நான் எந்தப் பக்கம் சார் நிக்கணும்?" என்று கேட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றார். ஒரு தரப்பில் ஆள் கூடினால் மறுதரப்பும் குறிப்பெடுக்க ஒருவரை வைத்துக்கொள்ளலாம். தலைமை ஆசிரியை அலுவலக எழுத்தரைக் கூப்பிட்டார். எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்று தலைமை ஆசிரியை தொடங்கினார். "அதிகாரி உங்களைப் பார்க்கணும்னு..."

"மேடம்" என்றார் உட்பிரிவு. "சந்திப்புக்குப் பொருள் என்னன்னு எழுத்துல வேணும்."

"பொருள்லாம் எதுவும் சொல்லல சார். பார்க்கணும்னாரு, அவ்வளவுதான்."

"பொருள் இல்லாம சந்திப்பு கிடையாது மேடம்."

தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். ஒரு தாளை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு 'பொருள்: கதவுச் சம்பவம்' என்று எழுதினார்.

அலுவலகம் என்பது இப்படித்தான் இயங்குகிறது. பெயரில்லாத விஷயம் காற்றில் மிதந்துவிட்டுப் போய்விடும். அதற்குச் 'சம்பவம்' என்று பெயர் வைத்துவிட்டால் விளக்கம் தேவை. விளக்கம் வந்தால் அதை வைக்கக் கோப்பு தேவை. கோப்புக்கு எண் விழுந்துவிட்டால் அதன் நகல், யார் தள்ளாமலும் தானாகவே, மேலிடத்துக்கு நகர்ந்து போகும். இத்தனையும் நடந்து முடிய ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. மாட்டிக்கொண்டது மனைவி என்பது உட்பிரிவுக்குத் தெரியும். ஆனாலும் எவ்வளவு நேர்த்தியான யந்திரம் என்று வியக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

வீட்டில் மனைவி பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினார்.

"இத்தனை வருஷ வேலையில ஒருத்தர் என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல. இப்ப என் பேர்ல சம்பவம் இருக்கு."

"கவலைப்படாதே. அதிகாரியைப் பார்க்கப் போறதுக்கு ஒரு நாள் அவகாசம் கேட்கலாம். அதுவும் உரிமைதான்."

"அந்த உரிமையை நீங்களே வச்சுக்குங்க."

அவர் வைத்துக்கொள்ளவில்லை. தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டுக் கேட்டேவிட்டார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"அவகாசம் குடுத்தாச்சு சார். நாளன்னைக்கு மத்தியானம். அதிகாரி தானே நேர்ல வர்றாராம்."

"ஆறப்போட்டா மறந்துடுவாங்கன்னுதான மேடம் கேட்டேன்."

"அவருக்கு வேற வேலையே இல்லபோல சார். சந்தோஷமா வர்றேன்னாரு. எனக்கு அந்தச் சந்தோஷம்தான் பயமா இருக்கு."

குறித்த நாளில் எல்லோரும் தலைமை ஆசிரியையின் அறையில் கூடினார்கள். அதிகாரி ஒல்லியாக, நரைத்த தலையோடு, கைகளைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோப்பைத் திறக்கவே இல்லை.

"அன்னைக்கு உள்ளேயிருந்து என்னமோ சொன்னீங்களே டீச்சர். அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

கணக்கு டீச்சர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். விளையாட்டு ஆசிரியர் சுவரோடு சுவரானார். பிரதிநிதியாக நிற்க உரிமை இல்லாவிட்டாலும் உட்பிரிவால் சும்மா இருக்க முடியவில்லை.

"அவங்க சொல்லத் தேவையில்லைங்க ஐயா. நான் சொல்றேன். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் மதிய உணவுக்கு, இடையூறின்றி, முப்பது நிமிடம்."

"தொடர்ந்து" என்றார் அதிகாரி.

"ஐயா?"

"'இடையூறின்றி, தொடர்ந்து.' ஒரு சொல்லை விட்டுட்டீங்க."

உட்பிரிவின் காது மடல் சிவந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சொல்லைத் தவறவிட்டிருக்கிறார், அதுவும் அந்தச் சொல்லை. அதே நேரம் உணவு இடைவேளை மணி அடித்தது. நேரம் தவறாத பழக்கத்தால் விளையாட்டு ஆசிரியரின் கை விசிலுக்குப் போய்ப் பாதியில் நின்றது.

இதற்குமேல் கெடுவதற்கு ஒன்றும் இல்லை என்று உட்பிரிவுக்குத் தோன்றியது. ஆனால் அப்போது மின்னல்போல ஒரு உண்மை புலப்பட்டது. அதைக் கண்டபின் மறைப்பது அவர் சுபாவத்தில் இல்லை.

"ஐயா, தப்பா எடுத்துக்கக்கூடாது. மணி அடிச்சாச்சு. இந்தச் சந்திப்பு இப்ப தொடர்ந்தா, அந்த வரிக்கே விரோதம்."

எழுத்தரின் பேனா நின்றது. தலைமை ஆசிரியை கண்களை மூடிக்கொண்டார். அதிகாரி எழுந்தார். கணக்கு டீச்சரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். வெளியே போய்விட்டார்.

"திருப்தியா சார்?" என்றார் தலைமை ஆசிரியை.

மனைவி மூடிக் கிடந்த கோப்பைப் பார்த்தார். உட்பிரிவுக்கு அதுதான் அதிகம் வலித்தது. எல்லா உட்பிரிவுகளையும் மறந்துவிட்டு வாசலுக்கு ஓடினார். மனைவியும் பின்னாலேயே ஓடினார்.

மரநிழலில் வண்டி நின்றது. கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. உள்ளே அதிகாரி மடியில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இருவரையும் கை நீட்டித் தடுத்தார்.

"இப்போ யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவுங்க. அரைமணி நேரம்."

"ஒரே ஒரு மன்னிப்பு மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன்" என்றார் கணக்கு டீச்சர். "ரொம்பக் கோபமா இருக்காரா?"

"கோபமா? ரெண்டு நாளா வண்டியில உங்க பேச்சுதாம்மா. உங்க குரலை இன்னொரு தடவை கேட்கணும்னுதான் வந்தாரு."

"எதுக்குங்க?" என்றார் உட்பிரிவு.

ஓட்டுநர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சங்கத்துல இருந்த காலத்துல அந்த வரியை எழுதினதே அவருதான் சார். இத்தனை பள்ளிக்கூடம் சுத்தியும், அதுக்காகச் சாத்தின கதவை இங்கதான் முதல்ல பார்த்தாராம்."