பத்திரம் பாயின் புத்தியுள்ள பிணங்கள்

ஐம்பத்து மூன்று வயதில், தலையில் டையும் வாயில் கட்டிய பல் இரண்டுமாக, நான் ஒரு ரத்தக்காட்டேரியைப் பார்த்து, "அட, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறேன். போதையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். சாட்சிக்கு ஆளும் இருக்கிறது.

காரணம் பத்திரம் பாய். பிணங்களை அவர் அளவுக்கு மதித்த மனிதர் உலகத்தில் இன்னொருவர் கிடையாது. உயிரோடிருப்பவர்களை அவ்வளவாக மதித்ததாகத் தகவல் இல்லை.

பத்திரப்பதிவு அலுவலக வாசலில் முப்பது வருடம் பத்திரம் எழுதியவர். கடைசி வரியில் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று அவர் எழுதினால் நிஜமாகவே இருக்காது. ஓர் எழுத்து பிசகினாலும் மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். நல்ல நேரம் போகிறதே என்று நிலம் வாங்க வந்தவர் பதறினால், "நேரம் போனா நாளைக்கு வரும். எழுத்துப் போனா கோர்ட்டுக்குத்தேன் போகும்" என்பார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் பாயின் மகன் இங்கே வீட்டில் விட்டுப்போன அட்டைப்பெட்டியில்தான் அந்த விளையாட்டு வந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகத் தங்களைப் பாவித்துக்கொண்டு, வாயாலேயே சண்டை போட்டு, வெற்றி தோல்வியை இருபது முகப் பகடையிடம் விட்டுவிடுவது. ஒருவர் மட்டும் கதை சொல்லி. எதிரிகள் எல்லாரும் அவர் வாய்வழியாகத்தான் பேசுவார்கள். கூடவே தலையணை கனத்தில் மூன்று புத்தகங்கள். மகன் அவற்றைப் பொழுதுபோக்காகப் படித்திருப்பான். பாய் பதிவுச் சட்டம் மாதிரி படித்தார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

திண்டுக்கல் நாகல் நகரில் அவர் வீட்டு மாடி அறைதான் ஞாயிறுதோறும் எங்கள் ராஜ்ஜியம். படை, நானும் செம்பட்டியில் பூ விவசாயம் பார்க்கும் முத்துராசும். எலும்புக்கூடு, நடைபிணம் போன்ற உதிரிகள் என்றால் பாய்க்கு இளக்காரம். "அதுக புத்தியில்லாததுக. வான்னா வரும், அடிச்சா விழும். மாநாட்டுக்கு லாரில ஏத்திட்டு வர்ற கூட்டம் மாதிரி" என்பார். அவர் உயிரை விட்டது புத்தியுள்ள பிணங்களுக்காக. அவற்றில் தலைவன், லிச். சாகப் பிடிக்காமல் உயிரை ஒரு பெட்டிக்குள் பூட்டி ஒளித்துவிட்டு, வெறும் எலும்போடு அரசாளும் மந்திரவாதி. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த நம்மூர் அரக்கனுக்குப் பங்காளி. பெட்டியில் தொங்கியது திண்டுக்கல் பூட்டு என்பதில் பாய் உறுதியாக இருந்தார்.

அவன் குகைக்குள் வாளோடு பாய்ந்தோம்.

"என்ன விசயமா வந்தீக?" என்றது பிணம், பாயின் குரலில்.

"உன்னைக் கொல்ல!"

"நாந்தேன் ஏற்கெனவே செத்தாச்சேப்பு. செத்தவனை எப்படிக் கொல்லுவ? நான் உயிரோட இருக்கேன்னு தாசில்தார்ட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. சாகுறேன்."

மூன்று ஞாயிறு அந்த ராஜ்ஜியத்தின் தாசில்தார் அலுவலகத்தில் காத்திருந்தோம். தாசில்தாரும் பிணம்தான். "ஆனா புத்தியில்லாத வகை" என்று பாய் விளக்கினார்.

சுவரில் அவர் கைப்பட எழுதிய ஒரே ஒரு விதி தொங்கியது: 'செத்தவனுக்கு இந்த மேசையில் இடமில்லை.' மூன்றாவதாக எங்களோடு சேர்ந்த பல் டாக்டர் இரண்டே வாரத்தில் குழிக்குள் விழுந்து செத்தார். கெஞ்சிப் பார்த்தார். பாய் டீ கொடுத்து அனுப்பிவிட்டார். கட்டிய பல்லைக் காட்ட நான் போனால், இன்றைக்கும் அந்த மனிதர் முதலில் விசாரிப்பது லிச்சின் சௌக்கியத்தைத்தான்.

அதனால் என் வீரன் வேங்கையை இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வளர்த்தேன். ஆபீசில் நான் பேசினால் ஃபேன்தான் தலையாட்டும். வீட்டில் ரிமோட் என் கைக்கு வராது. நான் வாளை உருவினேன் என்றால் இரண்டு பேர் நிமிர்ந்து பார்க்கிற இடம் அது ஒன்றுதான். அந்த நாற்காலி போனால் ஞாயிற்றுக்கிழமையே போச்சு.

அப்போதுதான் ரத்தக்காட்டேரி வந்தது. வீட்டுக்காரர் அழைக்காமல் அதனால் வாசல்படி தாண்ட முடியாது. அதுதான் சட்டம். கதையில் நாங்கள் ஒரு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருந்தோம்.

"ஆருமில்லையா? மழைல நனைஞ்சிட்டு நிக்கிறேன்" என்றார் பாய், நடுங்கும் குரலில்.

"மாப்ளை, வாயைத் தொறந்துராத" என்று முத்துராசு கிசுகிசுத்தான். நானா? ரத்தக்காட்டேரிக் கதைகளில் அரை அலமாரி படித்தவன். சிரித்துக்கொண்டேன்.

பாய் இருமினார். "பரவால்லப்பு. உள்ள சாப்பாடு நடக்குது போல, வாசனை வருது. நீங்க சாப்டுங்க. நான் இப்படியே செத்த நேரம் நின்னுட்டுப் போறேன்."

வாளைத் தாங்கலாம். இதை எப்படித் தாங்குவது? வாசலில் ஒருத்தரை நிற்க வைத்துவிட்டுச் சாப்பிட எந்தத் திண்டுக்கல்காரனால் முடியும்? படித்த அரை அலமாரியையும் மீறி வாய் தானாகத் திறந்தது. மீதி முதல் பத்தியில் இருக்கிறது.

"ஏலே!" முத்துராசு தலையில் அடித்துக்கொண்டான். "அம்புட்டுப் படிப்பும் தண்டமாடா?"

உள்ளே வந்த காட்டேரி கழுத்தைக் கடிக்கப் பாய, தப்பிக்கப் பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது. வேங்கை செத்தான்.

சுவரைப் பார்த்தேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "வாரேன் பாய்" என்றேன். வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

பாய் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு பேனாவோடு நாற்காலி மேல் ஏறி, சுவரிலிருந்த விதியில் 'செத்தவனுக்கு' என்பதை அடித்து, மேலே 'செத்தவனுக்கு, புத்தியுள்ள பிணம் நீங்கலாக' என்று எழுதினார். ஓரத்தில் முறைப்படி சுருக்கொப்பம் போட்டார்.

"ரத்தக்காட்டேரி கடிச்சுச் செத்தவன் அதே மாதிரி எந்திரிப்பான். புஸ்தகத்துலயே இருக்கு. உக்காரு."

"பாய், புத்தியுள்ள பிணம்னா..."

"பிணத்துக்கு நான் பொறுப்பு. புத்திய நீ பாத்துக்க."

முப்பது வருடத்தில் அந்தப் பேனா செய்த ஒரே அடித்தல் திருத்தல். அது எனக்காக.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். வெஞ்சனத்துக்குப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"செத்தும் எந்திரிச்சுப் போகாம அதே சேர்ல உக்காந்திருக்கணும், அம்புட்டுத்தானே? வீட்ல பழகுனதுதானே. நல்லாவே செய்வீங்க."